உள்ளே எழுத்து எதுவும் இல்லை

ஓசூர்
3 பிப்ரவரி 2025

இர்பானா பாப்பாவுக்கு,

கண்டக்டர் தோமினிக் மாமா எழுதுகிறேன். செஞ்சியில் உங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருந்தேனே, நவம்பரில் வீட்டைக் காலி பண்ணும்போது என் சம்சாரம், ஜோசப்பின் என்று பேர், அவளுடைய புத்தகங்களை மூன்று மூட்டையாகக் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து, பழைய புத்தகம் விற்கிற உன் வாசலில் இறக்கினேனே, அந்த ஆள்தான். நீ காசை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாய். "அட, வெச்சிக்க பாப்பா, எனக்கு எடம் காலியானா போதும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டேன். அதை இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் இன்ஜின் சத்தத்தில் நின்று காது போய்விட்டது. நீ ஒன்று சொல்வாய், நான் வேறு ஒன்றுக்குப் பதில் சொல்வேன், நடுவில் பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜாஸ்மின் போனுக்கும் மெசேஜ் போட்டுவிடாதே. என் மகளுக்கு இந்த விஷயம் தெரிய வேண்டாம். தபாலிலேயே எழுது.

விஷயம் இதுதான். போன வாரம் இங்கே மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. டி.வி. இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் ஜாஸ்மின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். அவள் கல்யாணத்தின்போது அம்மாக்காரி கொடுத்தனுப்பியது. பிரித்தால் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து, ஜோசப்பின் கையெழுத்து. "இன்று கோழிக்குழம்பு. இவர் மூன்று தரம் ஊற்றிக்கொண்டார். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வாயிலிருந்து வரலை." கீழே தேதி, 2009. முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. புரட்டிப் பார்த்தேன். அங்கங்கே இப்படித்தான். பால்காரனோடு சண்டை, ஜாஸ்மினுக்குக் காய்ச்சல், நடுநடுவே நான்.

முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் புத்தகம் ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்தது கிடையாது. படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். ஏதோ காலேஜ் பழக்கம், கோடு போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. என்னிடம் சொல்லாததையெல்லாம் அதில்தான் எழுதி வைத்திருக்கிறாள், நான் அதை மூட்டை கட்டி உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

அதனால் பாப்பா, விற்காமல் மிச்சம் எத்தனை இருந்தாலும் அப்படியே திருப்பி அனுப்பு. தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

தோமினிக்


செஞ்சி
12 பிப்ரவரி 2025

மாமாவுக்கு இர்பானா எழுதுவது.

கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை, குழந்தை நிதாவுக்கு ஜுரம்.

அத்தையின் புத்தகங்கள் எல்லாமே விற்றுவிட்டன மாமா. நல்ல புத்தகங்கள், போட்டோ போட்ட அன்றைக்கே ஆள் கேட்டுவிடுகிறார்கள். மதுரை, சேலம், ஒன்று துபாய்க்குக்கூடப் போனது. யார் யாருக்கு எது போனது என்று நான் எழுதி வைப்பதில்லை. உள்ளே எழுத்து இருந்ததையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கையில் இல்லாததை எங்கிருந்து தருவது?

இங்கே எல்லோரும் சௌக்கியம். கோட்டை பார்க்க வருகிற வண்டிகளால் சனிக்கிழமை தபால் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. நீங்கள் இருந்த வீட்டுக்குக் கேட்டில் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. முருங்கை மரத்தை வெட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இர்பானா


ஓசூர்
20 பிப்ரவரி 2025

இர்பானாவுக்கு,

எல்லாம் விற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய்.

நேற்று பேத்தி போனில் உன் கடையைக் காட்டினாள். 'நிதா புத்தக வீடு'. அழகாகத்தான் வைத்திருக்கிறாய், வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அதில் ஒரு பச்சை அட்டைப் புத்தகம். அதன் மேல் மூலையை எங்கள் வீட்டு எலி கடித்தது. பிசிறாக நிற்கிறதே என்று ஜோசப்பின் கத்தரியால் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்தாள். மூன்று மூலை கூர், ஒரு மூலை மொட்டை. தமிழ்நாட்டில் அப்படி இரண்டு புத்தகமா இருக்கும்?

கீழே என்ன போட்டிருக்கிறது, படி என்றேன். என் காதுக்குக் கேட்க வேண்டுமே என்று குழந்தை கத்திப் படித்தாள். "சுத்தமான பிரதி. உள்ளே எழுத்து எதுவும் இல்லை."

டிக்கெட் எடுக்காமல் எடுத்தேன் என்று சாதிக்கிற முகத்தை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஆள்தான் கேட்காததையெல்லாம் சொல்லுவான். கேட்டுக்கு என்ன கலர் பெயின்ட் என்று நான் கேட்டேனா?

எழுத்து எங்கே போனது? அதை மட்டும் சொல்.

தோமினிக்


செஞ்சி
1 மார்ச் 2025

மாமாவுக்கு,

நாளைக்கு நோன்பு தொடங்குகிறது. இந்தப் பொய்யை உள்ளே வைத்துக்கொண்டு நோன்பு பிடித்தால் அது வெறும் பட்டினிதான். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். அத்தையின் எழுத்தை அழித்தது நான்தான்.

எங்கள் தொழிலில் இது பழக்கம் மாமா. எடைக்கு எடுத்தாலும், யாராவது சும்மா கொடுத்தாலும், முதலில் மொட்டை மாடியில் பரப்பி வெயிலில் காயவைப்பேன். ஈரம் கண்ட பக்கத்துக்குப் பவுடர் தூவுவேன். அட்டையைத் துடைப்பேன். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பென்சில் இருந்தால் வெள்ளை ரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்ப்பேன், முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் சுருங்கிவிடும். தூளை என் வீட்டுக்காரர் ரசூலுடைய பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தட்டுவேன். வாங்குகிறவர்களுக்குப் பழைய புத்தகம் வேண்டும், ஆனால் அதைப் பழைய ஆள் ஒருவர் படித்த மாதிரி தெரியக் கூடாது. உள்ளே எழுத்து இருந்தால் பாதி விலைக்குக் கேட்பார்கள், இல்லையென்றால் கேட்கவே மாட்டார்கள்.

அத்தை புத்தகம் மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்பது நாள் உட்கார்ந்து தேய்த்தேன். கட்டை விரல் வீங்கிவிட்டது. "இன்னா இர்பானா, புத்தகம் விக்கிறியா, பாத்திரம் தேய்க்கிறியா?" என்று ரசூல் கிண்டல் பண்ணினார். நான் சிரித்துக்கொண்டே தேய்த்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து என் பேரில், என் போனுக்கு, என்னைக் கேட்டு ஆள் வருகிற வேலை இது. எழுத்து எழுத்தாகத் தெரியவில்லை மாமா, அழுக்காகத்தான் தெரிந்தது. உங்களை ஒரு தரம் கூப்பிட்டு, இப்படி எழுதியிருக்கிறதே வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது பதினெட்டுப் புத்தகம் வீட்டில்தான் இருந்தது. திருப்பி அனுப்பினால் வெள்ளையாக இருப்பதைப் பார்ப்பீர்களே என்று பயந்துதான் எல்லாம் விற்றுவிட்டது என்று எழுதினேன். பெயின்ட் கதையும் அதனால்தான். எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்று அந்தப் பதினெட்டையும் பார்சல் கட்டிப் போட்டுவிட்டேன். பச்சை அட்டையும் அதில் இருக்கிறது. மீதி இருபத்து மூன்றுக்கு, வாங்கினவர்களுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது வந்தும் என்ன, அதுவும் வெள்ளைதான்.

என்னைத் திட்டி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

இர்பானா


ஓசூர்
14 மார்ச் 2025

இர்பானாவுக்கு,

பார்சல் வந்தது. ஜாஸ்மின் வேலைக்குப் போயிருந்த நேரம், நல்லவேளை. வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தான்.

நன்றாகத்தான் துடைத்திருக்கிறாய், கைவிரல் வீங்காமல் என்ன செய்யும்! முதல் இரண்டு நாள் உன் மேல் வந்த கோபத்தில் பதினெட்டையும் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சில இடத்தில் பென்சில் அழுத்தின பள்ளம் தெரிகிறது. பேத்தியின் பென்சிலை வாங்கி மேலே லேசாகத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேய்த்தேன். "மழை" என்று ஒரு வார்த்தை வந்தது. இன்னொரு இடத்தில் "இவர்". அவ்வளவுதான். ஜோசப்பின் கை அழுத்தி எழுதுகிற கை இல்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

1994. நாங்கள் அப்போது செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். ஜாஸ்மினுக்கு இரண்டு வயசு. ஜோசப்பின் பி.ஏ. முடித்தவள், லைப்ரரி வேலைக்கான ஆறு மாசப் படிப்பும் முடித்திருந்தாள். நான் பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாம் தடவைதான் பாஸ். எங்கள் ஊர் லைப்ரரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என் வண்டி நிற்கும்போது தபால்காரர் வந்து, "ஒங்க வூட்டுக்குத்தான் கண்டக்டரே, அவ்ளோ தூரம் நான் ஏன் சைக்கிள் மிதிக்கணும்" என்று ஒரு கார்டை என் கையில் கொடுத்தார். அங்கே அது சகஜம், கண்டக்டர் வீட்டுத் தபால் பஸ்ஸிலேயே போய்விடும். கார்டைப் படித்தேன். விழுப்புரத்தில் இன்டர்வியூ, ஜூன் இருபத்திரண்டு, காலை பத்து மணி.

கொடுத்துவிடலாம் என்றுதான் பையில் போட்டேன். டிக்கெட் கட்டுக்குக் கீழே. அன்று கொடுக்கவில்லை, மறுநாளும் கொடுக்கவில்லை. டிப்போவில் கிண்டல் பண்ணுவார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. இவள் ஏற்கெனவே என்னைவிடப் படித்தவள், சம்பளமும் வாங்க ஆரம்பித்தால் என்னை மதிப்பாளா என்று பயம். தேதி போனதும் திண்டிவனம் போகிற வழியில் கார்டைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். "வேலைக்குப் போட்டது என்ன ஆச்சின்னே தெரியல" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். "நம்மளுக்கெல்லாம் எங்க கெடைக்கப் போவுது" என்றேன். அதற்கப்புறம் அவள் வேறு எதற்கும் எழுதிப் போடவில்லை.

நீ ஒன்பது நாள் உட்கார்ந்து அழித்திருக்கிறாய். எழுத்தைப் பார்க்காமல் எழுத்தை அழிக்க முடியாது. நீ படித்திருப்பாய். அவள் எழுதினதைப் படித்தது இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கார்டு வந்தது அவளுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டாளா? எங்கேயாவது எழுதியிருந்தாளா?

உண்மையை எழுது.

தோமினிக்


செஞ்சி
24 மார்ச் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை, விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் மறுபடி மறுபடி படித்தேன்.

ஆமாம், கொஞ்சம் படித்தேன். எல்லாவற்றையும் இல்லை. விலைவாசி, மழை, சர்ச்சில் யார் கல்யாணம், இந்த மாதிரிதான் நிறைய இருந்தது. உங்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தார். திருவண்ணாமலை தீபத்துக்கு மூன்று நாள் ஸ்பெஷல் பஸ் டூட்டி பார்த்துவிட்டு நீங்கள் கால் வீங்கி வந்ததையும், உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததையும் எழுதியிருந்தார். அது உண்மையாகவே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கார்டு பற்றி எதுவும் இல்லை மாமா. இன்டர்வியூ, லைப்ரரி என்று ஒரு வார்த்தைகூட நான் பார்க்கவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் மனசைப் போட்டு வாட்டிக்கொள்ள வேண்டாம்.

இர்பானா


ஓசூர்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள இர்பானா பாப்பாவுக்கு,

பெருநாள் நன்றாக நடந்ததா? நிதாவுக்குப் புதுத் துணி எடுத்தாயா? பிரியாணி சாப்பிட வர முடியவில்லையே என்று இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நீ செய்தது தப்புதான், ஆனால் நீ படித்ததும் ஒருவிதத்தில் நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கால் வீங்கினதையெல்லாம் எழுதியிருக்கிறாள் பார். அவளுக்குத் தெரியாது. தெரியாத விஷயம் அவளை எப்படி நோகடித்திருக்கும்? நான்தான் சும்மா குடைந்துகொண்டிருந்தேன்.

இந்த ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடலாம், ஜாஸ்மினையும் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. இனி எதற்கு? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜாஸ்மின் அவள் அம்மாவையும் என்னையும் பற்றி எல்லோரிடமும் பெருமையாகப் பேசுவாள், "எங்க நைனா மாதிரி வருமா" என்பாள். அது அப்படியே இருக்கட்டும். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். புத்தகத்தைப் பற்றியும் கவலைப்படாதே, பதினெட்டும் என் கட்டிலுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

நன்றாக இரு.

மாமா


செஞ்சி
11 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

இதை எழுத வேண்டாம் என்று ரசூல் சொன்னார். போன கடிதத்தை எழுதும்போதும் அவர்தான், "பெரியவரு மனசு ஆறட்டும், இல்லைன்னு எழுதிடு, உனக்கு இன்னா போவுது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பேனா என் கையில்தான் இருந்தது. நோன்பு வாயோடு பொய் எழுதினேன். பெருநாள் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து எல்லோரும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள், நான் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டேன். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. தூங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அத்தையின் எழுத்தை ரப்பரால் ஒரு தரம் அழித்தேன். இல்லை என்று எழுதி இரண்டாம் தரம் அழித்துவிட்டேன். முதல் தரம் தெரியாமல் செய்தது. இதை அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் உண்மையை எழுது என்று கேட்டீர்கள், நான் உங்களுக்கு எது நல்லது என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

எழுதியிருந்தார் மாமா. ஒரு ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்பு, தடியான புத்தகம். நடுவில் ஒரு அத்தியாயம் முடிந்து பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அந்த வெற்றிடம் முழுக்க எழுதியிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இதுதான்:

"தபால்காரர் ரோட்டில் பார்த்து, நாளன்னிக்கு விழுப்புரம் போறியாம்மா, கார்டை உங்க வீட்டுக்காரர்கிட்ட போன வாரமே கொடுத்தேனே என்றார். ஆமாங்க, போகணும் என்றேன். இன்று இருபத்திரண்டு. விடியக் குளித்து ஊதாச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறந்திருப்பார், இப்போதாவது எடுத்துத் தருவார் என்று. ஏழே முக்காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் இவருக்கு அவமானமாகப் போய்விடும். பாப்பா எழுந்துவிட்டாள்."

பாப்பா என்றது ஜாஸ்மின் அக்காவாகத்தான் இருக்கும். தேதி போட்டிருந்தது.

இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டும். எழுத்து எழுத்தாகத் தெரியவில்லை, அழுக்காகத்தான் தெரிந்தது என்று அன்று எழுதினேனே, அதுவும் பொய். இதைப் படித்தேன். படித்து அழுதேன். எந்தக் கார்டு, என்ன வேலை என்று புரியவில்லை, ஆனால் சேலை கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தது புரிந்தது. எழுந்துபோய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அழித்தேன். காரைக்குடியில் ஒருவர் அந்தப் புத்தகத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று. இப்போது அவரிடம் திருப்பிக் கேட்டேன். "இவ்வளவு நல்ல பிரதி மறுபடி கிடைக்காதும்மா, தர மனசு வரலை" என்றார்.

இனிமேல் யார் புத்தகத்திலும் ரப்பர் வைக்க மாட்டேன். அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். உங்கள் கோபம் போனால் ஒரு வரி எழுதுங்கள். போகாவிட்டாலும் எழுதுங்கள்.

இர்பானா


ஓசூர்
29 ஏப்ரல் 2025

இர்பானாவுக்கு,

கோபம் போகவில்லை. அது இருக்கட்டும், அதுபாட்டுக்கு இருக்கும்.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊதாச் சேலை, தலையில் கனகாம்பரம், கழுத்தில் அவள் அம்மா போட்ட சங்கிலி. சாதாரண நாளில் அவள் அப்படிக் கட்ட மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பை அவளுக்கு எதிரே ஆணியில் தொங்கியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா, எங்கனா கெளம்பிட்டியா?" என்று கேட்டேன். "எங்கயும் இல்ல, சும்மாதான்" என்றாள். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டேன்.

அதனால் எனக்குத் தெரியும் பாப்பா. அவளுக்குத் தெரியும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் உன்னைக் கேட்டேன். நீ இல்லை என்று எழுதினாய். பொய் என்று படித்தவுடனே தெரிந்தது. நம்பின மாதிரி உனக்கு எழுதினேன், எழுதினால் நிஜமாகவே நம்பிவிடலாமோ என்று ஒரு ஆசை. தூங்கினேன் என்றதும் பொய்தான். நீ என்னிடம் மூன்று பொய் சொன்னாய் என்றால் நான் உனக்குக் குறைந்தவன் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் சாமியாரிடம் சொன்னேன். இருபது வயசுகூட ஆகாத மாதிரி இருக்கிற சின்னச் சாமியார், ஐம்பத்து மூன்று மணி கோத்த ஜெபமாலையை ஒரே ஒரு தரம் உருட்டிச் சொல்லச் சொன்னார். ரொம்பக் கம்மி என்று தோன்றியது. ஈஸ்டர் முடிந்து மறுநாள் ஜாஸ்மின் லீவில் இருந்தாள். உட்காரவைத்து முழுசையும் சொன்னேன். கார்டு, பை, ஜன்னல், சேலை, நீ எழுதின கடிதம் எல்லாம். மூட்டை கட்டி உன்னிடம் கொடுத்ததையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அப்புறம் என் காதுக்குக் கிட்டே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நைனா, அன்னிக்கி அம்மா சாப்ட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி வந்து நான் சாப்பிட்டேன், அது ஞாபகம் இருக்கிறது. அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஜாஸ்மின் என்னோடு பேசுவதில்லை. வேளைக்குத் தட்டு வைக்கிறாள், எடுத்துக்கொண்டு போகிறாள்.

நீ நன்றாக யோசித்துப் பார். அந்தப் பாதிப் பக்கத்தில், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த பக்கத்தில், சாப்பிட்டதாக ஏதாவது எழுதியிருந்தாளா? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் இல்லை என்று எழுது. ஜாஸ்மினுக்குச் சொல்ல வேண்டும்.

தோமினிக்